கெட்ட கனவு கண்டு விழித்தபின் மறுபடி தூங்குவது எப்படி: ஒற்றை அறை வீட்டுக்கான முழுமையான வழிகாட்டி

கெட்ட கனவு வந்தால் எழுந்து வேறு அறையில் போய் உட்காருங்கள் என்றுதான் எங்கும் சொல்கிறார்கள். வட சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் வேறு அறை கிடையாது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கட்டிலில் மாமியார், கீழே பாயில் நாங்கள் மூன்று பேர். ஒருவர் லைட்டைப் போட்டால் நாலு பேருக்கும் தூக்கம் போய்விடும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்தபடியே நான் பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2015 டிசம்பர் மழையில் வியாசர்பாடியில் குடியிருந்தோம். ராத்திரியில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. எல்லோரும் பத்திரமாக மாடி ஏறிவிட்டோம். ஆனால் கனவில் மட்டும் ஏற முடியாது. படிக்கட்டில் மகளின் கை என் கையிலிருந்து வழுக்கிப் போகும். வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாள், இரண்டு வருடம் வந்தது. அது அடங்கிய பிறகு அக்கம்பக்கத்தில் சிலருக்கு இந்த முறையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் தடுமாறியது வரிசையில்தான். விழித்தவுடன் கனவை ஆராயத் தொடங்கிவிடுகிறார்கள். ராத்திரியில் உடம்பை மட்டும் பாருங்கள், கனவைப் பகலில் பார்த்துக்கொள்ளலாம். கீழே உள்ள படிகள் எல்லாமே இதை ஒட்டித்தான் வருகின்றன.

1. படுப்பதற்கு முன் கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டியவை

தலைமாட்டில் மூடி போட்ட சின்னத் தண்ணீர் பாட்டில், ஈரம் பிழிந்த துண்டு ஒன்று, உலர்ந்த மேல்துணி ஒன்று, ஒரு துண்டுக் காகிதம், பென்சில். இவ்வளவு போதும். இருட்டில் தடவினாலும் கை போய்ச் சேருகிற மாதிரி தினமும் ஒரே இடத்தில் வையுங்கள். அரைத் தூக்கத்தில் மூளை புதிதாக எதையும் யோசிக்காது, பழகியதைத்தான் செய்யும். சொம்பைத் தேடி எழுந்து யார் காலையாவது மிதித்துவிட்டால், பயத்தோடு சண்டையும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு, மஞ்சளோ சிவப்போ, கால்மாட்டில் எரியட்டும். கும்மிருட்டில் விழித்தால் கனவு எங்கே முடிந்தது, வீடு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வெள்ளை வெளிச்சம் வேண்டாம், அது உடம்பை விடிந்ததாக நினைக்க வைத்துவிடும்.

செல்போன் தலைமாட்டில் இருக்கக்கூடாது. அலாரத்துக்காக வேண்டுமென்றால் சமையல் மேடையில் வைத்துவிடுங்கள். ஏன் என்பது ஐந்தாவது படியில் வரும்.

உட்காருவதற்கு ஒரு மூலையை இன்றைக்கே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு அடுப்படிப் பக்கம் உள்ள சுவர் ஓரம். சிலர் வாசற்படியில் உட்காருவார்கள். எனக்கு அது சரியாக வரவில்லை. தெருவிளக்கு நேராக முகத்தில் அடிக்கும், கொசு வேறு.

வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள்: “நான் எழுந்து உட்கார்ந்தால் என்ன ஏது என்று கேட்காதீர்கள், காலையில் சொல்கிறேன்.” அவர்கள் பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் பதில் சொல்லத் தொடங்கினால் கனவு மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் டீ வேண்டாம். அதிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். குடித்தால் தூக்கம் வரும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மது முதல் பாதி இரவில் கனவை அமுக்கி வைக்கும், போதை இறங்கும் பின்னிரவில் அது மொத்தமாக வெளியே வரும்.

2. விழித்தவுடன்: கண், முதுகு, பாதம்

முதலில் கண்ணைத் திறங்கள். பிறகு எழுந்து உட்காருங்கள். பிறகு இரண்டு பாதங்களையும் பாயைத் தாண்டித் தரையில் வையுங்கள். இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும்.

கண்ணை மூடியபடி “ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை” என்று சொல்லிக்கொண்டு கிடப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. கெட்ட கனவு பெரும்பாலும் கண்விழிகள் வேகமாக அசையும் தூக்கக் கட்டத்தில் வருகிறது. முழுதாக விழிக்காமல் அப்படியே சாய்ந்தால் அதே கட்டத்துக்குள் திரும்பி, விட்ட இடத்திலிருந்து கனவு தொடரலாம். ஒரு நிமிடம் முழுதாக விழித்துவிட்டுத் தூங்குவது, பாதி விழிப்போடு ஒரு மணி நேரம் போராடுவதைவிட எவ்வளவோ மேல்.

பாதத்தைத் தரையில் வைப்பதற்கும் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் பழைய சிவப்பு சிமெண்டுத் தரை. மே மாதத்தில்கூட மூன்று மணிக்குக் கொஞ்சம் சில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ச்சி குதிகாலில் பட்டு மேலே ஏறும்போது, முழங்கால் வரை தண்ணீரில் நிற்கவில்லை, காய்ந்த தரையில் இருக்கிறேன் என்று உடம்புக்குத் தானாகப் புரிந்துவிடும்.

கண் திறந்தும் கை கால் அசையவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறதா? அமுக்குவான் பேய் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். கனவு காணும்போது நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க உடம்பின் தசைகள் தளர்த்தி வைக்கப்பட்டிருக்கும். சில நேரம் மூளை முந்தி விழித்துவிடும், தசை பிந்திவிடும். அவ்வளவுதான். முழு உடம்பையும் ஒரேயடியாக எழுப்பப் பார்க்காதீர்கள், அது பயத்தைத்தான் கூட்டும். கால் கட்டைவிரலையோ ஒரு விரல் நுனியையோ மட்டும் ஆட்டப் பாருங்கள். சில நொடிகளிலிருந்து ஓரிரு நிமிடங்களுக்குள் தானாகவே விடும். மூச்சு நின்றுவிடாது.

3. இடத்தைச் சொல்லுங்கள், ஒரே ஒரு முறை சரிபாருங்கள்

உட்கார்ந்த பிறகு, உதடு மட்டும் அசைகிற அளவில் சொல்லுங்கள்: “அது கனவு. நான் தண்டையார்பேட்டையில் என் வீட்டில் இருக்கிறேன். இன்று வியாழக்கிழமை ராத்திரி.” கிழமையை யோசித்துச் சொல்வது முக்கியம். அதற்கு மூளை கொஞ்சம் வேலை செய்ய வேண்டும், அந்த நேரத்துக்குப் பயத்தின் பிடி தளரும்.

அப்புறம் காதில் விழும் மூன்று சத்தங்களை எண்ணுங்கள். வட சென்னையில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. ஃபேன் கடகடப்பு, கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டியின் ஹாரன், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி. கனவுக்குச் சம்பந்தமில்லாத சத்தமாகப் பார்த்து எடுங்கள். எங்கள் தெருவில் ஒரு தம்பிக்கு லாரியில் அடிபடுவதுபோல் கனவு வரும். அவனிடம் தெரியாமல் லாரிச் சத்தத்தை எண்ணச் சொல்லிவிட்டேன், அன்றைக்கு இன்னும் மோசமாகிவிட்டது. பிறகு ஃபேன், தண்ணீர்க் குடம் சொட்டுவது, அப்பாவின் குறட்டை என்று மாற்றிக் கொடுத்தேன். சரியாக வந்தது.

எண்ணூர், மணலிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் அமோனியா கசிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். அதை அனுபவித்தவரிடம் “எல்லாம் கற்பனை, படு” என்று சொல்ல எனக்கு வாய் வராது. எனவே ஒரு முறை நிஜமாகவே சரிபாருங்கள்: வாடை ஏதாவது வருகிறதா, அடுப்பு மூடியிருக்கிறதா, கதவு தாழிட்டிருக்கிறதா, பிள்ளைகள் மூச்சு விடுகிறார்களா. வாடை வந்தால் இந்த வழிகாட்டியை விட்டுவிட்டு எல்லோரையும் எழுப்புங்கள். இல்லையென்றால் அத்தோடு முடிந்தது. இரண்டாம் முறை கதவை இழுத்துப் பார்க்காதீர்கள். ஒரு முறை பார்த்தால் மனம் அடங்கும். இரண்டாம் முறை பார்த்தால், ஏதோ ஆபத்து இருப்பதால்தான் இவள் பார்க்கிறாள் என்று மனம் எடுத்துக்கொள்ளும்.

4. மூச்சு, வியர்வை, தண்ணீர்

மூக்கால் நாலு எண்ணும் வரை இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். பதினைந்து தடவை. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் குறைகிறது. அதனால்தான் விடும் மூச்சை நீளமாக்குகிறோம்.

பெரிய பெரிய மூச்சாக இழுப்பது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. நெஞ்சு விரிய இழுத்துக்கொண்டே இருந்தால் தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். அதைக் கண்டு நெஞ்சுவலி என்று இன்னும் பயந்துவிடுவார்கள். மூச்சின் அளவு சாதாரணமாகவே இருக்கட்டும், வேகத்தை மட்டும் குறையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மூச்சை உள்ளே அடக்கி நிறுத்த வேண்டாம்.

எண்ணுவது பிடிக்காவிட்டால் உங்களுக்குப் பழகிய ஜெபம், மந்திரம், திக்ர் எதுவானாலும் ஒரு வரியை விடும் மூச்சோடு சேர்த்துச் சொல்லுங்கள். என் மாமியார் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு படுத்துவிடுவார். கீழ் வீட்டு அக்கா ஜெபமாலை உருட்டுவார். பழகிய வார்த்தையும் பழகிய விரல் அசைவும் மனத்தை ஓரிடத்தில் நிறுத்தும்.

அடுத்து வியர்வை. இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, எனக்கு இதுதான் பாதி வேலையை முடித்தது. கழுத்து, பிடரி, கக்கம் மூன்றையும் ஈரத்துண்டால் துடையுங்கள். நனைந்த மேல்துணியை மாற்றுங்கள். தலையணையைத் திருப்பிப் போடுங்கள். கடற்கரைப் புழுக்கத்தில் நனைந்த துணியோடு படுத்தால் உடம்பு சூடாகவே இருக்கும். உடம்பு குளிர ஆரம்பித்தால்தான் தூக்கம் வரும்.

தண்ணீர் இரண்டு மூன்று வாய் போதும். ஒரு சொம்பு குடித்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி எழ வேண்டியிருக்கும். பாத்ரூம் போக வேண்டும்போல் இருந்தால் இப்போதே போய்விடுங்கள், அடக்கிக்கொண்டு படுக்காதீர்கள்.

5. இந்த நேரத்தில் செய்யக்கூடாத மூன்று

கனவை யாரிடமும் விவரிக்காதீர்கள். காகிதத்தில் இருட்டிலேயே ஒரே வரி கிறுக்குங்கள்: “தண்ணீர், படிக்கட்டு.” போதும். எழுதி வைத்துவிட்டால், மறந்துவிடக்கூடாதே என்று மனம் அதைச் சுமந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. நீளமாக எழுதினால் கனவை இன்னொரு முறை கண்டதாகிவிடும்.

பலன் தேடாதீர்கள். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற பயம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. கெட்ட கனவு விடியற்காலையில்தான் அதிகம் வருகிறது, அதற்கு உடம்புதான் காரணம். தூக்கம் சுமார் தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கனவுக் கட்டம் நீண்டுகொண்டே வரும், கடைசிச் சுற்றில்தான் மிக நீளம். விழிக்கும் நேரமும் அதுவே என்பதால் அந்தக் கனவு நினைவிலும் நிற்கிறது. எனக்கு மகளின் கை எத்தனையோ விடியற்காலைகளில் வழுக்கியது. அவள் இப்போது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

போன் எடுக்காதீர்கள். கீழ் வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் காசிமேட்டிலிருந்து போட்டில் மீன் பிடிக்கப் போகிறவர். போட் கவிழ்வதுபோல் கனவு கண்டால் அக்கா உடனே அவருக்குப் போன் போடுவார். நடுக்கடலில் சிக்னல் ஏது? “தொடர்பு எல்லைக்கு வெளியே” என்ற குரலைக் கேட்டுக்கேட்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார்.

“அக்கா, பதில் வராதுன்னு தெரிஞ்ச நம்பருக்கு ராத்திரியில போடாதீங்க. கரைக்கு வந்ததும் முதல் போன் உங்களுக்குத்தான்னு அண்ணன்கிட்ட சொல்லி வாங்கிக்குங்க” என்றேன். அண்ணனும் ஒத்துக்கொண்டார். அந்த வாக்குறுதியை நம்பிப் படுக்கப் பழக அக்காவுக்கு ஒரு மாதம் ஆனது.

6. மறுபடி படுப்பது

முதலில் படுத்த பக்கத்துக்கு மறுபக்கம் திரும்பிப் படுங்கள். மணி பார்க்காதீர்கள். பார்த்தால், இன்னும் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் பிடிக்க எழ வேண்டுமே என்ற கணக்கு தொடங்கிவிடும், தூக்கம் அங்கேயே நின்றுவிடும்.

மனத்துக்குச் சலிப்பான ஒரு பாதை கொடுங்கள். நான் மெட்ரோவில் போவேன். விம்கோ நகரில் ஏறி, திருவொற்றியூர், தேரடி, காலடிப்பேட்டை, டோல்கேட், புது வண்ணாரப்பேட்டை. அதற்குப் பிறகு ரயில் பூமிக்குக் கீழே இறங்கும், தண்டையார்பேட்டை, தியாகராயா கல்லூரி, வண்ணாரப்பேட்டை, மண்ணடி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறப்பதை, ஒருவர் இறங்குவதை, கதவு மூடுவதைப் பார்ப்பேன். பல நாள் மண்ணடி வரை போனதில்லை. காட்சியாக ஓடும் ஒன்றுதான் கனவுக் காட்சியை ஓரம் தள்ளும். “நினைக்கக்கூடாது” என்று கட்டளை போட்டால் அதையேதான் நினைப்போம். இறுக்கமான இடம் பயம் என்றால் சுரங்கம் வேண்டாம், நீங்கள் தினமும் நடக்கும் தெருவையே எடுங்கள்.

சுமார் இருபது நிமிடம் ஆனதுபோல் தோன்றியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து அந்த மூலைக்குப் போங்கள். புரண்டுகொண்டே கிடந்தால், பாய் என்றாலே முழித்திருக்கும் இடம் என்று உடம்பு பழகிவிடும். மூலையில் கைக்கு மட்டும் வேலை கொடுங்கள். துவைத்த துணி மடிப்பது எனக்கு ஒத்துவந்தது: வெளிச்சம் வேண்டாம், சத்தம் இல்லை, யோசிக்கவும் வேண்டாம். கொட்டாவி வந்து இமை கனத்த பிறகே திரும்புங்கள். விடிந்துவிட்டதா, பரவாயில்லை. வழக்கமான நேரத்துக்கே எழுந்து, பகல் தூக்கத்தை அரை மணிக்குள் நிறுத்திக்கொண்டால் அடுத்த ராத்திரி உடம்பே தூக்கத்தைக் கேட்கும்.

7. பகலில் கனவை மாற்றி எழுதுவது

எப்போதாவது வரும் கனவுக்கு மேலே சொன்னது போதும். திரும்பத் திரும்ப வரும் கனவுக்கு இந்தப் படி கட்டாயம் வேண்டும். மருத்துவத்திலும் இந்த முறை இருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் அமெரிக்கத் தூக்க மருத்துவர் பாரி கிராக்கோவ் குழுவினர் மூன்று அமர்வுகளில் இதைக் கற்பித்து, கெட்ட கனவுகள் குறைந்ததை 2001-ல் ஆய்வாக வெளியிட்டிருக்கிறார்கள்.

மதிய வேளையில், வெளிச்சத்தில் உட்காருங்கள். கனவை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். பிறகு உங்களுக்குத் தோன்றும் விதத்தில் எங்காவது ஓர் இடத்தில் மாற்றி, புதிதாக எழுதுங்கள். புதியதை மட்டும் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் கண்ணை மூடி ஓட்டிப் பாருங்கள். பழையதைத் தொடவே வேண்டாம்.

நான் மாற்றியது சின்ன விஷயம். படிக்கட்டுச் சுவரில் ஒரு கைப்பிடிக் குழாய் வைத்தேன். பழைய இரும்புக் குழாய், பச்சைப் பெயிண்ட் உரிந்தது, பிடித்தால் உள்ளங்கையில் துரு ஒட்டும். இடது கையால் குழாயைப் பிடிப்பேன், வலது கையில் மகளின் மணிக்கட்டு. தண்ணீர் இருக்கும், ஆனால் நாங்கள் ஏறுவோம். மூன்றாவது வாரம் கனவில் தண்ணீர் வந்தது, குழாயும் இருந்தது. விழித்தபோது பயம் இருந்தது, அலறல் இல்லை. அதற்குப் பிறகு கனவு கொஞ்சம் கொஞ்சமாக அரிதானது.

இருப்பதிலேயே கொடிய கனவில் தொடங்கிவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. சாதாரணமானதில் பழகிவிட்டுப் பெரியதற்குப் போங்கள். எழுதும்போதே உடம்பு நடுங்கினால், நடந்த கொடுமை அப்படியே கண்முன் வந்தால் நிறுத்திவிடுங்கள். அதைத் தனியாகச் செய்யக்கூடாது, பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

8. பிள்ளைகள் அலறி எழுந்தால்

முதலில் நேரத்தைப் பாருங்கள். தூங்கி ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் கண்ணைத் திறந்தபடி கத்துகிறான், கூப்பிட்டால் உங்களைத் தெரியவில்லை, காலையில் ஒன்றுமே நினைவில்லை என்றால் அது கெட்ட கனவு இல்லை, ஆழ்ந்த தூக்கத்திலிருந்து அரைகுறையாக எழும் இரவு மிரட்சி. உலுக்கி எழுப்பாதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள், அடங்கித் தூங்கிவிடுவான். என் நாத்தனார் மகனைக் காலையில் சுற்றி உட்காரவைத்து “யாரைப் பார்த்துடா பயந்தே?” என்று கேட்டுக்கேட்டே அவனுக்குப் படுக்கவே பயம் வந்துவிட்டது. கேட்காமல் விட்டபிறகுதான் சரியானது.

பின்னிரவில் விழித்து, உங்களை அடையாளம் கண்டு அழுதால் அது கனவு. அணைத்துக்கொள்ளுங்கள், முதுகைத் தடவுங்கள், இரண்டாவது, நாலாவது படிகளைக் கூடச் சேர்ந்து செய்யுங்கள்.

9. மருத்துவரிடம் போக வேண்டிய நிலை

வாரத்தில் ஒரு முறைக்கு மேல் வந்து பகல் வேலை கெட்டால், படுக்கவே பயந்தால், ஒரு விபத்துக்கோ வன்முறைக்கோ பிறகு தொடங்கியிருந்தால் காத்திருக்காதீர்கள். பலத்த குறட்டையும் மூச்சு நின்று திணறுவதும் சேர்ந்திருந்தாலும், வயதானவர் கனவில் நிஜமாகவே உதைத்து அடித்தாலும் உடனே காட்டுங்கள், அவை தனி நோய்கள்.

மாத்திரைகளையும் பாருங்கள். ஆஸ்துமா, அலர்ஜிக்குத் தரும் மாண்டிலுகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவும் மனமாற்றமும் தரக்கூடும். அமெரிக்க மருந்துத் துறை 2020-ல் அதற்குக் கடும் எச்சரிக்கையே போட்டது. நம் பகுதியில் வீசிங் உள்ள பிள்ளைகள் நிறைய என்பதால் சொல்கிறேன். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும், மனச்சோர்வுக்கான சிலவும் அப்படித்தான். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். தினமும் மது குடித்தவர் திடீரென நிறுத்தி, கை நடுக்கமும் குழப்பமும் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை என்று நாம் சொல்லும் அரசு மனநலக் காப்பகமும் இருக்கிறது. அந்தப் பெயரை வசவாகச் சொல்லியே வளர்ந்ததால் பலர் தயங்குகிறார்கள். புறநோயாளியாகப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்புபவர்கள்தான் அங்கே அதிகம். போகவே முடியவில்லை, அல்லது செத்துவிடலாம்போல் தோன்றுகிறது என்றால் எந்த நேரமானாலும் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழில் பேசலாம். ஐந்தாவது படியில் போனைத் தொடாதீர்கள் என்று சொன்னது இதற்குப் பொருந்தாது.

போகும்போது நீங்கள் ஒருவரி கிறுக்கிவைத்த அந்தக் காகிதங்களையும், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப்போங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று மருத்துவர் முதலில் கேட்பார், அதற்குப் பதில் அந்தக் காகிதங்களில் இருக்கும்.